தம்மாம் சாலைக்கு அனுப்பிய நாடாக்கள்

13-5-1979, ஞாயிறு

நேற்றுக் கீழ்பென்னாத்தூரில் கூட்டம். ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். ஒலிபெருக்கி இரண்டு முறை நின்றது, நான் நிற்கவில்லை. இன்று தொண்டை கட்டிவிட்டது. சந்திரகலா மிளகுப் பால் கொடுத்து, "இன்னிக்காவது வாயை மூடிக்கினு இருங்க" என்றாள். என் மனைவி இதைச் சொல்லாத நாள் குறைவு.

பிற்பகலில் தம்பி சகாதேவனின் கடிதம் வந்தது, வழக்கம்போல் அவன் மனைவி பொன்னியின் பெயருக்கு. கூடவே ஒரு பொதி. சவுதியிலிருந்து விடுமுறையில் வந்த யாரோ ஒருவர் பேருந்து நிலையத்திலிருந்து நேரே வந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் ஓர் ஒலிப்பதிவுப் பெட்டி, நான்கு வெறும் நாடாக்கள், பொன்னிக்கு ஒரு புடவை. எனக்கு ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சகாதேவன் அங்கே சரக்குந்து ஓட்டுகிறான். தம்மாம் துறைமுகத்தில் சிமெந்து மூட்டை ஏற்றி, நானூறு கிலோமீட்டர் மணல்வெளியைக் கடந்து, இரியாத்து நகரில் இறக்குவது வேலை. போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நாங்கள் பேசுவதை நிறுத்தி ஏழாண்டு ஆகிறது. ஒரே கூரையின் கீழ் இருந்தபோதும் அவன் சுவரைப் பார்த்து, "அவரைச் சாப்பிட வரச்சொல்லு" என்பான். நான் எழுந்து போவேன்.

14-5-1979

பொன்னி கடிதத்தைச் சந்திரகலாவிடம் கொடுக்க, சந்திரகலா என்னிடம் கொடுத்தாள். நான் படிக்க வேண்டும் என்றே கொடுத்தார்கள்.

நிறுவனம் வண்டிகளை இரண்டிரண்டாக அனுப்புமாம், ஒன்று முன்னே, ஒன்று பின்னே. சகாதேவனின் துணைவண்டி ஒரு பட்டாணியருடையது. பெயர் சேர் சமான், பெசாவர் பக்கத்து ஊர், ஐம்பது வயது. கராச்சியிலும் குவைத்திலுமாக இருபத்திரண்டு ஆண்டு ஓட்டியவர். அந்தச் சாலையில் பத்து வண்டிக்கு எட்டு வண்டி பாக்கித்தான்காரர் கையில்தானாம். ஒருவர் போய்க் கால் ஊன்றியதும் மைத்துனனை அழைப்பார். மைத்துனன் தன் சிற்றப்பன் மகனை அழைப்பான். இப்படி ஓர் ஊரே சக்கரத்தில் ஏறிவிடுமாம்.

இனித்தான் செய்தி. சாலை நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடக்கிறது. மரமில்லை, ஊரில்லை, வளைவில்லை. நண்பகலில் கண் தானாக மூடுகிறது. சென்ற மாதம் சகாதேவன் உறங்கிவிட்டான். வண்டி சாலையை விட்டு இறங்கி அச்சு வரை மணலில் புதைந்தது. பின்னால் வந்த சேர் சமான் ஊதல் அடித்து எழுப்பி, நான்கு மணி நேரம் மண் தோண்டி வண்டியை மீட்டு, நிறுவனத்திடம் ஒரு சொல் சொல்லவில்லை. தெரிந்தால் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அது கூடப் பெரிதில்லை. அடுத்த முறை எதிரே ஒரு வண்டி வந்தால்?

கடைசி வரிகளை அப்படியே எழுதி வைக்கிறேன்: "பட்டாணிங்க அவங்க ஊர்ப் பாட்டு கேசட்டைப் போட்டுக்கினு ஓட்டறாங்க. எனக்குப் பாட்டு ஒத்து வரல. பேச்சுக் குரல் வேணும். நீ பேசி அனுப்பினா அழுவியே ஒழிய பேசமாட்டே. அவரு பேச்சையே பிடிச்சு அனுப்பு. அவருக்கா பேச்சுக்குப் பஞ்சம்."

குத்தல்தான். ஆயினும் என் குரலைக் கேட்டிருக்கிறான். ஏழாண்டில் முதல் முறை.

27-5-1979, ஞாயிறு

தேரடி வீதிக் கூட்டம். ஒலிப்பதிவுப் பெட்டியை ஒலிவாங்கியின் அடியிலேயே வைக்கச் சொன்னேன். இன்று பேசியது போல் இவ்வாண்டில் நான் பேசவில்லை. முதற்சொல்லிலேயே நெருப்பு. தொண்ணூறு நிமையமும் இருபுறமும் நிரம்பியது. ஐந்து இடத்தில் கைதட்டல் அடங்க அரை நிமையம் ஆயிற்று. இதைக் கேட்டபின் ஒருவன் உறங்குவான் என்றால் அவனுக்குக் காது இல்லை.

2-6-1979

நாடா போயிற்று. சென்னையிலிருந்து பறக்கும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம்.

8-7-1979

கடிதம் இல்லை.

30-7-1979

கடிதம் வந்தது. வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறான். குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாயா என்று கேட்டிருக்கிறான். நாடா வந்து சேர்ந்ததா என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பொன்னியிடம் கேட்கச் சொல்லிச் சந்திரகலாவிடம் சொன்னேன். "நீங்களே கேளுங்களேன், அவ என்ன உங்களைக் கடிச்சிடப் போறாளா" என்றாள். கேட்கவில்லை.

18-9-1979, செவ்வாய்

அடி அண்ணாமலையைச் சேர்ந்த கண்ணாயிரம் விடுமுறையில் வந்திருக்கிறான் என்று தெரிந்தது. தம்மாமில் சகாதேவனோடு ஒரே கூடாரத்தில் தங்கியிருப்பவன். அதே நிறுவனத்தில் வண்டி ஓட்டுபவன். மிதிவண்டி எடுத்துக்கொண்டு நானே போனேன்.

எழுந்து நாற்காலி போட்டான். கோழி அடிக்கட்டுமா என்றான். நாடாவைப் பற்றிக் கேட்டதும் தன் அம்மாவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"புலவரய்யா, தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லப்பா."

"அதைப் போட்டா சகாதேவனுக்குத் தூக்கம் வந்துடுதுங்க."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

சூன் மாத இறுதியில், நாடாவைப் போட்ட முதல் நாளே நடந்ததாம். ஏழு நிமையம் கூட ஓடவில்லை. வண்டி சாய்ந்து, சாலையோரம் அடுக்கியிருந்த தார்ப் பீப்பாய்களில் மோதி நின்றது. முகப்பு நசுங்கியது, மூட்டைகள் சாலையெங்கும் சிதறின. சகாதேவனுக்கு நெற்றியில் நான்கு தையல். இம்முறை மறைக்க முடியவில்லை. சேர் சமான் மேலாளரிடம் போய், முன்னால் போன நான்தான் திடீரென்று நிறுத்தினேன், பையன் என்மேல் மோதாமல் ஒடித்தான் என்று சொல்லிவிட்டார். அவரைப் பதினைந்து நாள் வண்டியிலிருந்து இறக்கிச் சரக்கு இறக்கும் வேலையில் போட்டார்கள். ஐம்பது வயதில் மூட்டை தூக்கினார். சகாதேவனுக்கு எச்சரிக்கை: இன்னொரு முறை என்றால் ஊர்.

"ஏனப்பா? அந்தப் பேச்சுக்கு மூவாயிரம் பேர் விழித்திருந்தார்களே?"

கண்ணாயிரம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சின்னதுல நீங்க மொட்டை மாடியில நின்னுக்கினு பேசிப் பழகுவீங்களாம். இவரு பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்கினு கேப்பாராம். கேட்டுக்கினே தூங்கிடுவாராம். தெனமும். நீங்க கத்த ஆரம்பிச்சீங்கன்னா கண்ணு தானா சொக்குதாம். 'எங்க அண்ணன் கொரல் எனக்குத் தாலாட்டுடா'ன்னு சொல்லி அவரே சிரிக்கிறாரு."

பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு, "ஆனா கேசட் வீணாப் போவலைங்க. பட்டாணி பிடுங்கி வச்சிக்கினாரு. அவரு வண்டியில அதான் ஓடுது. ஒரு எழுத்துப் புரியாது. 'இந்த ஆளு யாரோட சண்டை போடறாரு, கடைசியில ஜெயிச்சாரா இல்லியா'ன்னு டீக்கடைக்கு டீக்கடை கேக்கறாரு. அவரு கண்ணை மூடறதே இல்ல."

19-9-1979

தாலாட்டு.

இருபது ஆண்டு மேடை. கலவரத்தில் கல்லடி பட்டும் பேச்சை நிறுத்தாதவன். என் தம்பி மண்டை உடைஞ்சு போச்சு, நான் அனுப்பின பேச்சால. நெற்றியில நாலு தையல். அதை மூணு மாசம் எங்களுக்கு எழுதாம வச்சிருந்தான். யாருக்காக மறைச்சான் — பொன்னிக்காகவா, எனக்காகவா?

இன்று வகுப்பு எடுக்கவில்லை. புலவர் தேர்வு மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

23-9-1979, ஞாயிறு

பொன்னி என்னோடு நேருக்கு நேர் பேசமாட்டாள்; கணவனின் அண்ணன் என்ற கூச்சம். இன்று பேசினாள். கண்ணாயிரத்தின் அம்மா வழியாக அவளுக்கும் செய்தி போய்விட்டது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினாள். குரலில் கூச்சம் இல்லை.

"மாமா, அவரு தூங்காம இருக்கணும்னா ஒண்ணு பண்ணுங்க. ஏழு வருசத்துக்கு முன்னாடி தேரடியில பேசினீங்களே, அதைப் பத்திப் பேசி அனுப்புங்க. சத்தியமா தூங்கமாட்டாரு."

சந்திரகலா, "ஏய், சும்மா இருடி" என்றாள்.

"இல்லக்கா. இன்னொரு வாட்டி வண்டி எறங்கினா ஆளே வரமாட்டாரு. எனக்கு யாரு கோவிச்சிக்கினாலும் பரவாயில்ல."

எழுதத்தான் வேண்டும். 1972 ஆகத்து மாதம். தேரடியில் மொழிக் கூட்டம். வடநாட்டுக்குச் சரக்குந்து ஓட்டிவிட்டு வருபவர்கள் தேநீர்க் கடைகளில் இந்தி பேசிப் பெருமை கொள்வதைத் தாக்கிப் பேசினேன். "பம்பாய்க்குச் சுமை கொண்டுபோனவர்கள் நாக்கை அங்கே இறக்கி வைத்துவிட்டு வெறும் வாயோடு திரும்புகிறார்கள்" என்றேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. மேலும் ஒன்று வேண்டும் போலிருந்தது. "வேறு எங்கும் தேட வேண்டா. என் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான்" என்று கை நீட்டினேன். சகாதேவன் மூன்றாம் வரிசையில் தன் ஓட்டுநர் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடியுமுன் எழுந்து போனான்.

அவன் வண்டி ஏறியது எப்போது? 1965-இல். மொழிப் போரில் நான் சிறையில் இருந்த எட்டு மாதமும் வீட்டில் உலை கொதித்தது, பதினாறு வயதில் அவன் ஒரு சரக்குந்தில் கிளீனராகச் சேர்ந்ததால். அவனுக்கு இந்தி வந்தது அந்த வழியில்.

25-9-1979

பிற்பகல். வீட்டில் அனைவரையும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். "அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கிவிட்டேன். பின்கட்டிலிருந்து சந்திரகலா, "யாருக்குங்க மாலை போடணும்?" என்றாள். நிறுத்திவிட்டேன்.

30-9-1979

குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தேன். போட்டுக் கேட்டால் இரங்கற் கூட்டம் போல் இருக்கிறது. அழித்தேன். மூவாயிரம் பேரிடம் பேசக் குறிப்பு வேண்டியதில்லை எனக்கு.

3-10-1979, புதன்

சந்திரகலாவிடம் கேட்டேன், என் பேச்சில் என்ன குறை என்று. திருமணமாகிப் பதினேழு ஆண்டில் முதல் முறை கேட்கிறேன் என்றாள். பிறகு, "நீங்க பேசினா எதிராளி பதில் சொல்ல எடமே இருக்காது. அவரு வண்டியில ஒண்டியா ஒக்காந்துக்கினு எவ்ளோ நேரம்தான் கேட்டுக்கினே இருப்பாரு" என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டேன். கேள்வி கேட்பது, கேட்டுவிட்டு நிறுத்துவது, மனத்துக்குள் முப்பது வரை எண்ணுவது, பிறகு அடுத்தது. பதில் சொல்ல வாய் திறப்பவன் உறங்க முடியாது.

மூன்று மணிக்குத் தொடங்கினேன். சகாதேவா என்று கூப்பிட்டேன். அதை அழிக்கவில்லை. உன் வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது. நெற்றித் தையல் ஆறிவிட்டதா? சேர் சமானுக்கு எத்தனை பிள்ளைகள்? மதியத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், யார் சமைப்பது? மணலில் புதைந்த வண்டியை எப்படி எடுப்பது, கொஞ்சம் விளங்கச் சொல். ஒவ்வொன்றுக்கும் பின் அமைதி. அந்த அமைதியில் தெருவில் போன ஐஸ் வண்டியின் மணியும் பதிவாகியிருக்கிறது.

முதலில் எழுத்துத் தமிழில்தான் கேட்டேன். எந்த இடத்தில் பேச்சுக்கு இறங்கினேன் என்று தெரியவில்லை.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் அதைச் சொன்னேன். "அன்னிக்கு நீ கூட்டத்துல இருக்கறது தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க அண்ணிகிட்டயும் அதான் சொன்னேன். பொய். நீ மூணாவது வரிசையில ஒக்காந்திருந்ததைப் பாத்துட்டுத்தான் கை நீட்டினேன். கைதட்டல் நல்லா வந்துக்கினு இருந்துது. இன்னும் கொஞ்சம் வேணும்னு இருந்துது. அதுக்காகத்தான். வேற எதுக்கும் இல்ல. நீ சோறு போட்ட வீட்டுக்கு வந்துதான் நான் படுத்தேன். தப்பு என்னுது. உனக்கு இன்னும் கோவம் இருக்குதா?"

அங்கும் நிறுத்தினேன். முப்பதுக்கு மேலும் எண்ணினேன். எவ்வளவு என்று நினைவில்லை.

10-10-1979

கண்ணாயிரம் புறப்பட்டான். நாடா அவன் பையில், சட்டைகளுக்கு நடுவில். "இதுல சண்டை இல்லியே? பட்டாணி கேப்பாரு" என்றான்.

29-11-1979

மெக்காவில் துப்பாக்கிச் சூடு என்று ஒன்பது நாளாக நாளேட்டில் வருகிறது. தம்மாமுக்கும் மெக்காவுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று பொன்னிக்கு நிலப்படத்தில் காட்டினேன். கார்த்திகைத் தீபக் கூட்டம் ஊருக்குள் சேரத் தொடங்கிவிட்டது. பேருந்து நிலையத்தில் நிற்க இடமில்லை. அஞ்சல்காரர் கூட்டத்தில் நீந்தி வந்தார். நமக்கு ஒன்றும் இல்லை.

22-12-1979

நாடாளுமன்றத் தேர்தல். ஒரு நாளைக்கு ஐந்து ஊர். எங்கே பேசினாலும் மூன்றாம் வரிசையைப் பார்க்கிறேன்.

12-1-1980, சனி

பதிவு அஞ்சலில் ஒரு சிறு பொட்டலம். பொன்னிக்கு இல்லை, "புலவர் அறவேந்தன்" என்று என் பெயருக்கு. வீட்டில் வைத்த தருமன் என்ற பெயரை நான் மாற்றிக்கொண்ட நாளிலிருந்து என் தம்பி இந்தப் பெயரை எழுதியதே இல்லை. உள்ளே ஒரே நாடா. கடிதம் இல்லை.

மூவரும் உட்கார்ந்து கேட்டோம்; பொன்னியின் மடியில் குழந்தையும்.

முதலில் வண்டி இரைச்சல் மட்டும். பிறகு அதனுள் என் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்: உன் வண்டிக்கு எத்தனை சக்கரம்? உடனே பக்கத்தில் பெரிதாகச் சகாதேவனின் குரல்: "பதினெட்டு." அவன் என் நாடாவை ஒரு பெட்டியில் ஓடவிட்டு, இன்னொரு பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிறான். சேர் சமானின் வண்டி பட்டறையில் நிற்கிறதாம். அவர் பக்கத்து இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்.

தையல் ஆறிவிட்டது. சேர் சமானுக்கு ஆறு பிள்ளைகள்; கடைசிப் பெண்ணை இன்னும் பார்க்கவில்லை. மதியத்துக்கு ரொட்டியும் பருப்பும், சமைப்பது சேர் சமான், "காரம் கம்மி, நெய் ஜாஸ்தி." மணலில் புதைந்தால் சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, அடியில் தகரத்தைக் கொடுத்து, முடுக்காமல் மெல்ல எடுக்க வேண்டும். "முறுக்கினா இன்னும் புதையும். நீ இதெல்லாம் கேக்கறியே, லைசென்சு எடுக்கப் போறியா?" நான் முப்பது எண்ணி முடித்து அடுத்த கேள்விக்குப் போனபின்னும் பல இடங்களில் அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. "இரு, இரு, இன்னும் முடிக்கல" என்று என்னை அதட்டுகிறான்.

நடுவில் சேர் சமான் ஏதோ கேட்டார். சகாதேவன் அவருக்குப் புரியும் இந்தியில் பதில் சொன்னான். பதினைந்து ஆண்டாக நான் எதிர்த்து முழங்கிய ஓசைதான். அவர் மறுபடி ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். "பட்டாணி கேக்கறாரு, 'உங்க அண்ணன் இன்னிக்கு ஏன் கத்தல, உடம்பு சரியில்லியா'ன்னு. இது வீட்டுப் பேச்சுன்னு சொன்னேன்."

இரண்டாம் பக்கம். என் குரல் அதைச் சொல்லி முடித்தது. உனக்கு இன்னும் கோவம் இருக்குதா?

வண்டி இரைச்சல். நான் அத்தனை நீளம் நிறுத்தினேனா? கியர் மாற்றும் ஓசை ஒரு முறை கேட்டது. பொன்னி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேர் சமான் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். நாடாவில் நான் எண்ணிக்கொண்டிருந்த இடமும் கடந்தது. அதற்குப் பின் நான் ஒன்றும் பேசவில்லை, சும்மா ஓடவிட்டிருந்தேன்.

பிறகு அவன் குரல். மூக்கை உறிஞ்சிக்கொள்வதும் கேட்டது.

"இருந்துது. ரொம்ப நாளு இருந்துது. நீ பாத்துட்டுத்தான் சொன்னேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணா. நீயா ஒத்துக்கணும்னு இருந்தேன்." கொஞ்சம் இரைச்சல். "ஏன் நிறுத்திட்டே? மேல பேசு. இன்னும் எண்பது கிலோமீட்டர் கெடக்குது."

நாடா முடிந்து பொத்தான் தானாக எழும்பிற்று. சந்திரகலா என்னைப் பார்த்தாள். அவன் கூட்டத்தில் இருந்தது தெரியாது என்றல்லவா என்னிடம் சொன்னீர்கள் — அந்தக் கேள்விதான் அவள் கண்ணில் இருந்தது. "ஆமாம், உன்கிட்டயும் பொய்தான்" என்றேன். "அதான் கேசட்டுல கேட்டேனே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

27-1-1980

நேற்று அடுத்த நாடாவை முடித்தேன். பாதியில் குழந்தை வந்து, பள்ளியில் பலகை உடைந்த கதையைத் தானே சொல்லிற்று. பொன்னி கழனியில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்கு ஆள் கிடைக்காததைப் பற்றி ஒரு நிமையம் பேசினாள், அழவில்லை. சேர் சமானுக்காகக் கடைசி ஐந்து நிமையம் மேடைப் பேச்சாகக் கத்தினேன். அந்த இடத்தை வண்டியில் போட வேண்டா என்று சகாதேவனிடம் முன்னதாகவே சொல்லிவிட்டேன்.

2-3-1980, ஞாயிறு

சட்டமன்றம் கலைக்கப்பட்டதால் மறுபடியும் கூட்டங்கள். இன்று மாலை போளூரில் பேச அழைத்தார்கள். வேறொருவரை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

காரணம் நேற்று வந்த கடிதம். சகாதேவனை நெடுந்தொலைவு வண்டிக்கு மாற்றுகிறார்கள். கண் மூடாத ஆள் என்று சேர் சமான் மேலாளரிடம் பொறுப்பேற்றுக்கொண்டாராம். இனித் தம்மாமிலிருந்து இரியாத்து வழியாகச் செங்கடல் கரையில் உள்ள சித்தா வரை. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போக மட்டும் இரண்டு நாள். "இருக்கற கேசட்டுல எல்லாப் பதிலும் சொல்லி முடிச்சிட்டேன். புதுசா கேளு" என்று எழுதியிருக்கிறான்.

பிற்பகல் கடைத்தெருவுக்குப் போய் எட்டு நாடா வாங்கினேன். கடைக்காரர் கட்டிக் கொடுத்துக்கொண்டே, "எட்டா? எந்த ஊர்க் கூட்டத்துக்குங்க புலவரே?" என்றார்.

வீட்டுக்கு என்றேன்.